வரிசைக்கு ஒரு பெயர், புள்ளிக்கு ஓர் ஊர்

(தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் கல்லூரி மாணவர்களும் காப்பி விவசாயிகளும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புள்ளியியல் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சராசரி, விலக்கம், நிகழ்தகவு இவை எல்லாவற்றையும் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்துவிடும். அது ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற செய்தி ஒன்று உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் என்ன பெயர் வைப்பது? அந்த அட்டவணையிலிருந்து வரைபடம் போட்டால் எந்தப் புள்ளியின் பக்கத்தில் எந்தப் பெயரை எழுதுவது? இந்த இரண்டு கேள்விகளை மட்டும்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன். சிறிய வேலையாகத் தோன்றும். இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட எண்களை எடுத்துப் பார்த்தால், எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் நகரத்தில் வாழ்கிறார்கள் என்று குறியுங்கள். செங்குத்துக் கோட்டில் எழுத்தறிவு விழுக்காட்டைக் குறியுங்கள். 32 புள்ளிகள் விழும். இடது கீழிலிருந்து வலது மேலாக ஒரு கூட்டம் ஏறிப்போவது தெரியும். நகரம் பெருகினால் எழுத்தறிவும் பெருகுகிறது என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துவைத்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது அதே தாளில் பெயர்களை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் புள்ளி தருமபுரி. எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்தின் சராசரி 80. உச்சியில் இருக்கும் கன்னியாகுமரி 91.7. நம் மாவட்டத்தில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினேழு பேர். நகரம் குறைவு, அதனால் எழுத்தறிவும் குறைவு என்று சமாதானம் சொல்லலாமா? பெரம்பலூரிலும் நகரவாசிகள் ஏறத்தாழ அதே பதினேழுதான். அங்கே எழுத்தறிவு 74 விழுக்காட்டுக்கு மேல். சற்று வலப்பக்கம் வாருங்கள். ஈரோட்டிலும் தூத்துக்குடியிலும் பாதிப்பேர் நகரத்தில் வாழ்கிறார்கள். தூத்துக்குடியில் எழுத்தறிவு 86, ஈரோட்டில் 72.6. ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும் இரண்டு மாவட்டங்களுக்கு இடையில் பதின்மூன்று விழுக்காட்டுப் புள்ளி இடைவெளி.

பெயர் எழுதாத வரைபடம் ஒரு போக்கைச் சொல்லி முடித்துக்கொண்டது. பெயர் எழுதியதும் கேள்வி எழுகிறது. ஈரோடு ஏன் கீழே? தருமபுரிக்கும் பெரம்பலூருக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடியவர் அந்த மாவட்டத்துக்காரர்தான். தன் ஊர்ப்பெயர் தாளில் இல்லாவிட்டால் அவர் எப்படிக் கேட்பார்? எண்ணிலிருந்து அந்த எண் பிறந்த மண்ணுக்குத் திரும்பிப் போகும் வழிதான் பெயர். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் இந்த வழியை அடைபடாமல் எப்படிக் காப்பது என்பதைப் பற்றியவை.

முதல் ஆபத்தை நம் மாவட்டத்தின் பெயரிலிருந்தே எடுத்துக்காட்டுகிறேன். 2001 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300. 2011 கணக்கெடுப்பின்படி 15,06,843. இரண்டு அட்டவணைகளையும் மாவட்டப் பெயரை வைத்து இணைத்தால் கணினி மறுப்பே சொல்லாது. தருமபுரிக்கு நேரே தருமபுரியை வைத்து, பத்து ஆண்டில் மக்கள்தொகை 47 விழுக்காடு சரிந்துவிட்டது என்று காட்டும். பஞ்சமா வந்தது? ஊரே காலிசெய்துகொண்டு போனதா? நடந்தது வேறு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய எல்லைக்குள் கணக்கிட்டால் 2001இல் தருமபுரியின் மக்கள்தொகை 12,95,182. அங்கிருந்து 2011க்கு 16 விழுக்காடு வளர்ச்சிதான். பெயர் ஒன்று, நிலம் இரண்டு. ஆகவே வரிசையின் பெயரில் எந்த ஆண்டின் எல்லை என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். 2019 முதல் மாநிலத்தில் பல மாவட்டங்கள் பிரிந்து, எண்ணிக்கை 38 ஆகியிருக்கிறது. விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி, காஞ்சிபுரம் என்று எந்தப் பெயரைப் பழைய அட்டவணையில் பார்த்தாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது ஆபத்து, ஒரே பெயர் பலருக்கு இருப்பது. இன்று புள்ளியியல் மாணவர்கள் பெரும்பாலும் ஆர் என்ற கணினி மொழியில் வேலை செய்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் உருவாக்கியது. அதன் முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஓர் அட்டவணையின் வரிசைகளுக்குப் பெயர் வைக்கத் தனி இடம் உண்டு. ஆனால் ஒரு கண்டிப்பு: ஒரே பெயரை இரண்டு வரிசைகளுக்கு வைக்க அது இடம் கொடுக்காது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். புதிதாகக் கற்கும் மாணவர்கள் இதைக் கண்டு எரிச்சலடைகிறார்கள். எரிச்சல் வேண்டாம். அந்த மறுப்பு நமக்குச் செய்யும் உதவி.

தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை காட்டூர்! இந்த மலையில் பெரியூர் இருக்கிறது, நாயக்கனூர் இருக்கிறது. இந்தப் பெயர்களில் ஊர்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் வரிசைப் பெயராக வைத்தால் ஓர் ஊரின் குழந்தைகள் கணக்கு இன்னோர் ஊரில் போய் விழும்.

இதற்கு விடையை நம் கிராம நிர்வாகம் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு புல எண், அதற்குள் ஓர் உட்பிரிவு எண். எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பத்திகள் ஓடும். புல எண் ஒரு கிராமத்துக்குள் மட்டும்தான் தனித்தது. பக்கத்துக் கிராமத்திலும் 14 என்ற புல எண் இருக்கும். அதனால்தான் இணையத்தில் பட்டா பார்க்கப் போனால் முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு கிராமம், அதற்குப் பிறகுதான் புல எண், உட்பிரிவு என்று வரிசையாகக் கேட்கிறது. ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு துண்டு நிலத்தின் முழுப்பெயர். கணக்கெடுப்புத் துறையும் இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. உங்கள் அட்டவணையிலும் இதைச் செய்யுங்கள். மனிதர் படிக்க ஊர்ப்பெயர் ஒரு பத்தியில் இருக்கட்டும். கணினி இணைக்கக் குறியீட்டு எண் இன்னொரு பத்தியில் இருக்கட்டும். இரண்டும் வேண்டும்.

மூன்றாவது ஆபத்து, கருவியே பெயரை மாற்றிவிடுவது. விரிதாளில், அதாவது எக்செல்லில், புல எண் 145, உட்பிரிவு 2 என்பதை 145/2 என்று தட்டச்சு செய்யுங்கள். அப்படியே நிற்கும். 14/2 என்று தட்டச்சு செய்யுங்கள். பிப்ரவரி 14 ஆகிவிடும். 12/5 என்பதும் அப்படியே ஒரு தேதியாகிவிடும். பெரிய எண்கள் தப்பிக்கின்றன, சின்ன எண்கள் தேதியாகின்றன. எல்லாமே கெட்டுப்போனால் உடனே கண்ணில் படும். ஆயிரம் வரிசைகளில் முப்பது மட்டும் கெட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த முப்பது பேரின் நிலமும் இணைப்பில் விடுபட்டுப் போகும்.

இது நம் ஊர்க் கணக்கருக்கு மட்டும் வரும் சிக்கல் என்று எண்ண வேண்டாம். மரபணு ஆராய்ச்சியாளர்களும் இதில் சிக்கினார்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் மார்ச் மாதமாகவும் செப்டம்பர் மாதமாகவும் மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. நம் புல எண்களை யாரும் மாற்றித் தரப்போவதில்லை. ஆகவே தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியை எழுத்துப் பத்தி என்று அறிவித்துவிடுங்கள். அல்லது புல எண்ணையும் உட்பிரிவையும் இரண்டு தனிப் பத்திகளில் வையுங்கள். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது.

நான்காவது, தமிழில் பெயர் எழுதும்போது வரும் சிக்கல். தமிழில் எழுதவே கூடாது என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. இந்த மலையில் இருப்பவர் படிக்கும் அட்டவணையில் பால்சிலம்பு, சின்னாங்காடு என்று தமிழில் இருந்தால்தான் பிழையைப் பார்த்தவுடன் சொல்வார். தமிழில் எழுதுங்கள், ஆனால் மூன்று விஷயங்களைக் கவனித்து எழுதுங்கள்.

ஒன்று, தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் இரண்டு விதமாக எழுதுகிறோம். வத்தல்மலை என்று சேர்த்தும் வத்தல் மலை என்று பிரித்தும் எழுதுகிறோம். படிக்கும் நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு வடிவத்தை முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

இரண்டு, கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. பாலக்கோடு என்ற பெயரில் வரும் ‘கோ’வை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரு துண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது பாலக்கோடு மட்டும் பொருந்தாமல் நிற்கும். நீங்கள் உற்று உற்றுப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. இணைப்பதற்கு முன்பு எல்லாப் பெயர்களையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும் கட்டளை ஆர் மொழியிலும் பைதான் என்ற இன்னொரு கணினி மொழியிலும் உண்டு. ஒரு வரிக் கட்டளைதான். தமிழ்த் தரவில் வேலை செய்பவர் அதைத் தவறாமல் ஓட்ட வேண்டும்.

மூன்று, பெயரைச் சுருக்குவது. வரைபடத்தில் இடமில்லை என்று பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்வோம். 2011இல் இருந்த 32 மாவட்டங்களில் திருவள்ளூர், திருவண்ணாமலை, திருவாரூர், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, திருப்பூர் ஆகிய ஆறும் ‘திரு’ என்று தொடங்குகின்றன. கணினி வெட்டித் தந்தால் ஆறு புள்ளிகளுக்கும் திரு, திரு என்றே இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், சில பெயர்கள் எழுத்தின் நடுவிலேயே அறுபடும். சுருக்க வேண்டுமானால் மக்கள் பேச்சில் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் வடிவத்தை எடுங்கள். திருச்சி, நெல்லை, குமரி என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். ஆர் மொழியோடு பழகுவதற்காகவே சில அட்டவணைகள் வருகின்றன. அதில் ஒன்று, 1974ஆம் ஆண்டு அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்த கார்களைப் பற்றியது. நம் மாவட்டங்களைப் போலவே அங்கும் 32 வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் காரின் பெயரே பெயர். எடைக்கும் எரிபொருள் திறனுக்கும் வரைபடம் போட்டுப் பெயர் எழுதினால், மேலே நிற்பது டொயோட்டா கொரோலா, கடைக்கோடியில் கனத்து நிற்பது லிங்கன் கான்டினென்டல் என்று உடனே தெரியும். இன்னொன்று, 1936இல் ஃபிஷர் பயன்படுத்திப் புகழ்பெற்ற ஐரிஸ் மலர் அட்டவணை. மூன்று இனங்கள், இனத்துக்கு ஐம்பது, மொத்தம் 150 மலர்கள். வரிசைகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அங்கே ஒரு புள்ளி விலகி நின்றால் இனத்தைச் சொல்லலாம், அதற்குமேல் போக முடியாது. இனங்களைப் பிரித்தறிய அது போதும். மனிதரையும் ஊரையும் பற்றிய தரவுக்கு அது போதாது.

பெயர் எழுதும் கட்டளைகள் எளியவை. ஆர் மொழியில் முதலில் ‘பிளாட்’ என்று புள்ளிகளைப் போட்டுவிட்டு, ‘டெக்ஸ்ட்’ என்ற கட்டளைக்கு அதே இடங்களையும் வரிசைப் பெயர்களையும் கொடுத்தால் எழுதிவிடும். புள்ளியின் கீழே, இடப்பக்கம், மேலே, வலப்பக்கம் என்று எங்கே எழுத வேண்டும் என்பதையும் சொல்லலாம். ‘ஐடென்டிஃபை’ என்ற கட்டளை இன்னும் நல்லது. அதற்கும் வரிசைப் பெயர்களைக் கொடுத்துவிட்டு, சந்தேகப்படும் புள்ளியைச் சுட்டியால் தொட்டால், அந்த வரிசையின் பெயரை மட்டும் எழுதும். ஆர் மொழியின் ஜிஜிபிளாட் என்ற வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விலக்கிவைத்து மெல்லிய கோட்டால் புள்ளியோடு இணைக்கும் ஜிஜிரிபெல் என்ற தொகுப்பு இருக்கிறது.

கட்டளையைவிடக் கடினமானது, எந்தப் புள்ளிக்குப் பெயர் எழுதுவது என்ற முடிவு. முப்பத்திரண்டுக்கும் எழுதினால் தாள் கருத்துவிடும், ஒன்றையும் படிக்க முடியாது. நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் உங்களுக்காக எல்லாப் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். கண் கூசினாலும் பரவாயில்லை, அது உங்கள் மேசையில் இருக்கட்டும். பிறகு மற்றவர்களுக்காக வரையும்போது மூன்று வகைப் புள்ளிகளுக்கு மட்டும் பெயர் எழுதுங்கள். ஓரங்களில் நிற்பவை. கூட்டத்தின் போக்கிலிருந்து விலகி நிற்பவை. மூன்றாவது, படிக்கப் போகிறவரின் சொந்த ஊர். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வத்தல்மலையில் காட்டப்போகும் வரைபடத்தில் தருமபுரி நடுவில் கிடந்தாலும் அதற்குப் பெயர் எழுதுங்கள். படிப்பவர் முதலில் தேடுவது தன்னைத்தான்.

இப்போது தோட்டத்துக்குப் போவோம். இந்த மலையில் காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரமும் சேர்ந்து நிற்கின்றன. அராபிக்கா காப்பிக்குப் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. நிழல் குறைந்த இடங்களில் அது கூடுதலாகத் தாக்கும். தாய் வண்டுகள் பறக்கத் தொடங்கும் பருவத்துக்கு முன்பே, தாக்கப்பட்ட செடிகளை அடையாளம் கண்டு வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும் என்பதுதான் காப்பி வாரியம் சொல்லும் வழி.

ஒரு குடும்பம் தன் தோட்டத்தைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நிழல் எவ்வளவு, தாக்கப்பட்ட செடி எத்தனை என்று எழுதிவைக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு துண்டு மட்டும் வரைபடத்தில் மேலே துருத்தி நிற்கிறது. நிழல் போதுமான அளவு இருந்தும் அங்கே தாக்குதல் அதிகம். அது எந்தத் துண்டு? வெறும் வரிசை எண் ஏழு என்று இருந்தால், அடுத்த முறை அட்டவணையை இறங்குமுகமாக அடுக்கியதும் ஏழாவது இடத்தில் வேறொன்று நிற்கும். விரிதாளில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டால் இன்னும் மோசம். ஒரு துண்டின் நிழல் இன்னொரு துண்டின் செடிகளோடு சேர்ந்துவிடும். பருவம் தவறுவதற்குள் சரியான துண்டுக்குப் போக வேண்டும். தோட்டத்துக்காரர் பள்ளக்காடு, மேட்டுக்காடு, பாறையோரம் என்று தன் வாயால் சொல்லும் பெயரை ஒரு பத்தியில் எழுதுங்கள். அதோடு ஒரு குறியீட்டையும் கொடுத்து, அதே குறியீட்டைத் துண்டின் ஓரக்கல்லிலும் வண்ணத்தால் எழுதுங்கள். தாளில் இருக்கும் பெயர் கல்லிலும் இருக்க வேண்டும். ஆண்டுகள் ஓடினாலும் அந்தக் குறியீட்டை இன்னொரு துண்டுக்குக் கொடுக்கக் கூடாது.

பெயர் எழுதக்கூடாத இடமும் உண்டு. நோய், கடன், குடும்ப வருமானம் பற்றிய கணக்கெடுப்பு என்றால் வீட்டுக்காரர் பெயரை வரைபடத்தில் எழுதாதீர்கள். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரில் வயதையும் தொழிலையும் சேர்த்துப் போட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வீட்டுக்கு ஒரு குறியீடு போதும். எந்தக் குறியீடு எந்த வீடு என்ற பட்டியல் தனியாக, பொறுப்பான ஒருவரிடம் பூட்டி இருக்கட்டும். அப்போதும் திரும்பிப் போகும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் யார் போகலாம் என்பதை ஊர் முடிவு செய்கிறது.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை தருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரகப் பகுதியின் அடிப்படை வரிசை வருவாய்க் கிராமம். அதற்குள் இருக்கும் குக்கிராமங்களுக்குத் தனி வரிசை கிடையாது, எல்லாம் கிராமத்தின் மொத்தத்தில் கரைந்துவிடும். சமவெளியில் குக்கிராமங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும். மலையில் அப்படியில்லை. ஓர் ஊரில் பள்ளி இருக்கும், பள்ளத்தைத் தாண்டிய அடுத்த ஊரின் குழந்தை ஏறி இறங்கி வர வேண்டும். சராசரியில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஆகவே இந்த மலையின் எல்லா ஊர்களுக்கும் நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள். ஊருக்கு ஒரு வரிசை. பெரியவர்கள் சொல்லும் பெயர், அரசு ஆவணத்தில் இருக்கும் பெயர், ஆங்கிலத்தில் எழுதும் வடிவம், எந்த வருவாய்க் கிராமத்தில் சேர்கிறது, அந்தக் கிராமத்தின் குறியீட்டு எண், செல்பேசியில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை, பட்டியல் போட்ட ஆண்டு. இவ்வளவுதான் பத்திகள். ஒரு பெயரில் ஐயம் வந்தால் அந்த ஊருக்கே போய்க் கேட்டு எழுதுங்கள். முடித்ததும் பள்ளியிலும் ஊராட்சியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு படி கொடுங்கள். நாளைக்குத் தடுப்பூசி பற்றியோ, குடிநீர் பற்றியோ, காப்பி விளைச்சல் பற்றியோ யார் அட்டவணை போட வந்தாலும், இந்தப் பெயர்களையே வரிசைப் பெயராக வையுங்கள் என்று அந்தப் பட்டியலைக் கையில் கொடுங்கள். எல்லாத் துறைகளின் எண்களும் அப்போது ஓர் ஊரின் பெயரில் ஒன்றுசேரும். எந்த ஊருக்கு எது குறைவு என்பதைக் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அந்தப் பட்டியலை வெளியிலிருந்து வருகிறவர் போட முடியாது. இந்த மலையில் பிறந்தவர்கள்தான் போட முடியும். இன்றே தொடங்குங்கள்.